அடைத்த காற்றுக்குழாய்

ஆகஸ்ட் 12, செவ்வாய்
போடிமெட்டுப் பக்கம் மழை. ஊரில் புழுக்கம். ஏலக்காய் தரம் பிரிக்கும் ஹாலில் வெளிக்காற்றை உள்ளே கொண்டுவரும் மிஷினை மாட்டி முடித்தேன். ஏ.சி. ஹால், சன்னல் கிடையாது. நாற்பது பெண்கள், காய்த் தூசி. என் மனைவி செல்விக்கும் வேலை அங்கேதான்.

சாப்பிடும்போது கேட்டாள்: "வெளிக்காத்த உள்ள விட்டா குளிர்ச்சி போயிராதா?"

"போகாது. உள்ள தட்டுத் தட்டா காகிதம் மாதிரி இருக்கும். அதுல ஒரு பக்கம் கெட்ட காத்து வெளிய போகும், மறுபக்கம் நல்ல காத்து உள்ள வரும். ரெண்டும் கலக்காது. போற காத்து தன் குளிர்ச்சிய வர்றதுக்குக் குடுத்துரும். வர்றதோட ஈரத்துல பாதிய வாங்கிட்டுப் போயிரும்."

"போறப்பக்கூட குடுத்துட்டுப் போகுதா? மனுசனுக்கு வராது அது."

13, புதன்
தினமும் வரும் தலைவலி இன்று யாருக்கும் இல்லையாம். செல்விக்குப் பக்கத்தில் உட்காரும் ராசிங்காபுரம் பாண்டியம்மா: "அண்ணே, இன்னைக்குத்தான் மூச்சு முழுசா வருது." பெருமையாக இருந்தது. எழுத வெட்கம்.

14, வியாழன்
தூறல். மேனேஜர் கூப்பிட்டார். "ஈரக்காத்து வந்தா காய் நமத்துப் போகும். உள்ள வர்றது, வெளிய போறது, ரெண்டு குழாயையும் அடை."

பாதி ஈரம் மிஷினிலேயே போய்விடும், மீதியை ஏ.சி. பார்த்துக்கொள்ளும் என்றேன்.

"எனக்கே பாடமா? மோட்டார் ஓடட்டும். சத்தம் கேட்டாப் போதும்."

வெளிச்சுவர்ப் பக்கம் நின்று தெர்மாகோல், டேப். பத்து நிமிடச் சோலி. செல்வியிடம் சொல்லவில்லை.

16, சனி
பதினொரு மணிக்குப் பாண்டியம்மா மயங்கி விழுந்தாள். மேசை விளிம்பு நெற்றியில். ரத்தம். ஜீப்பில் ஆஸ்பத்திரி.

மேனேஜர்: "காலைல சாப்பிடாம வந்திருப்பா."

மிஷின் நன்றாகச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்து செல்வியிடம் எல்லாம் சொன்னேன். தட்டைக் கழுவி வைத்துவிட்டுக் கேட்டாள்:

"அடைக்கிறப்ப நானும் உள்ளதான இருந்தேன்?"

18, திங்கள்
பாண்டியம்மாவுக்கு ஆறு தையல். இன்னும் தலைசுற்றல்.

ஹாலுக்குள் யாரும் போகவில்லை. பெண்கள் எல்லாரும் வாசலில். செல்வி முன்னால். "குழாயத் தொறங்க. அப்பத்தான் உள்ள வருவோம்."

அரை மணி நேரம். காய் வாங்க வந்த வியாபாரிகள் வேறு பார்த்துக்கொண்டு நின்றார்கள். மேனேஜர் இறங்கி வந்தார், என் தோளில் கை போட்டார்.

"மெக்கானிக் தெரியாம அடைச்சிட்டாரும்மா. வெரசா தொறந்துருவாரு. என்னப்பா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். செல்வி மட்டும் தரையை.

"ஆமா" என்றேன்.