ஜன்னல் வழியாகப் பார்த்த கல்யாணம்

கண்ணுக்கு மறைந்தும் எனக்கு அத்தையாகவே இருக்கிற உங்களுக்கு,

பெர்மிட் வந்துவிட்டது, அத்தை. அடுத்த வெள்ளிக்கிழமை நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறுகிறேன். பினாங்கில் உங்கள் சின்ன மகன் வீடு பார்த்துவிட்டாராம். பின்பக்கம் ஒரு முருங்கை மரம் நிற்கிறது என்று எழுதியிருக்கிறார். எனக்கு முருங்கைக்கீரை பிடிக்கும் என்பது அவருக்கு எப்படித் தெரியும் என்று யோசித்தேன். நீங்கள்தான் எழுதியிருப்பீர்கள்.

சந்தோஷப்பட வேண்டிய நேரம்தான். ஆனால் டிரங்குப் பெட்டியில் புடவையை மடித்து வைக்கும்போது கோபம்தான் வருகிறது. இந்தக் கோபத்தை யாரிடம் காட்டுவேன்? வீட்டில் காட்டினால், "அதான் கிடைச்சிட்டே, இன்னும் என்ன?" என்பார்கள். உங்களிடம் காட்டினால் நீங்கள் உடன்சேர்ந்து கோபப்படுவீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் பத்திரிகைக்கும் அனுப்புகிறேன். எனவே நீங்கள் அறிந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

பினாங்கில் ஒரு ரப்பர் கம்பெனியில் கணக்கெழுதும் உங்கள் சின்ன மகன், கல்யாணத்திற்கென்று லீவு போட்டு வந்தார். நாகர்கோவில் பக்கம் எங்கள் அப்பா வீட்டு முற்றத்தில் பந்தல் போட்டு என் கழுத்தில் தாலி கட்டினார். ஒரு மாதம் இந்த மலையாளத்து ஊரில், சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் இருக்கிற நம் வீட்டில் இருந்துவிட்டுக் கப்பலேறினார். பின்னாலேயே என்னை அழைத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுத்தான் போனார். அதற்குள் அங்கே சட்டம் இறுகிவிட்டது. முன்பெல்லாம் போல நினைத்தபோது போக முடியாதாம். அங்கே நிலையாக வசிக்கிற புருஷன் மனு போட்டு, அவன் மனைவிதான் இவள் என்று இங்கிருந்து ருசுவாக அத்தாட்சிக் காகிதம் அனுப்பி, அவர்கள் ஒப்புக்கொண்டால்தான் கரையில் கால் வைக்கலாமாம். வெள்ளைக்காரன் இங்கிருந்து போய்விட்டான். அங்கே இன்னும் இருக்கிறான்.

ருசுவுக்கு நான் எங்கே போவேன்? நம் பக்கத்தில் யார் கல்யாணத்தைப் பதிவு செய்தார்கள்? போட்டோ எடுத்தவர்கள்தான் யார்? பெண் வீட்டில் ஒருவர், மாப்பிள்ளை வீட்டில் ஒருவர், கல்யாணத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் சர்க்கார் கச்சேரியில் வந்து சத்தியம் செய்து கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். எங்கள் அப்பா ஊரிலிருந்து வந்தார். மாப்பிள்ளை வீட்டுக்கு நீங்கள்.

அன்றைக்கு நீங்கள் வெள்ளைப் புடவையைத் தலைக்கு முக்காடாக இழுத்துவிட்டுக்கொண்டு, செருப்பில்லாத காலோடு கச்சேரிப் படி ஏறியதை நான் மறக்கவில்லை. குமஸ்தன் நல்லவன்தான். மரியாதையாகத்தான் கேட்டான்.

"தாலி கெட்டும்போ அம்மா பந்தலில் உண்டாயிருந்நோ?"

"பந்தல்ல இல்ல. உள்அறையில நின்னேன். ஜன்னல் வழியாப் பாத்தேன்."

"அதெந்தா பந்தலில் நிக்காஞ்ஞது?"

நீங்கள் அவனை ஏற இறங்கப் பார்த்தீர்கள். "நான் தாலி அறுத்தவ மோனே. முகூர்த்த நேரத்துல என்னை அங்க நிக்க விடுவாளா? உங்க வீட்ல விடுவாளா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். ஆனால் நீங்கள் சொன்னதை எழுதினான். "உள் அறையின் ஜன்னல் வழியாகப் பார்த்தேன்." அப்படியே, உள்ளது உள்ளபடி. நீங்களும் தமிழில் உங்கள் பெயரை எழுத்துக் கூட்டி, அழுத்தி எழுதிக் கொடுத்தீர்கள்.

காகிதங்கள் கடல் தாண்டிப் போய், கடல் தாண்டித் திரும்பின. மாப்பிள்ளையின் தாயார் சடங்கு நடந்த இடத்தில் இருக்கவில்லை என்று தெரிகிறது. ஆகையால் அவருடைய சாட்சியம் போதாது. நேரில் இருந்த வேறொருவர் வேண்டும். இதுதான் அங்கிருந்து வந்த பதில்.

அதைப் படித்துச் சொன்னபோது நீங்கள் அழுவீர்கள் என்று பயந்தேன். நீங்கள் சிரித்தீர்கள்.

"பாத்தியா கோமதி? தாலி அறுத்தவளுக்குக் கண்ணும் தெரியாதுன்னு சட்டமே சொல்லிட்டு, கேட்டியா!"

அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. பத்து மாதம் சுமந்து பெற்ற பிள்ளை. அப்பா இல்லாத குறை தெரியாமல், மாமா செத்த பிறகு இரும்புக் கடையையும் விடாமல் நடத்தி, இரண்டு பிள்ளைகளையும் ஆளாக்கினது நீங்கள். அந்தப் பிள்ளையின் கல்யாணத்தில் உங்களை ஓர் அறைக்குள் நிற்க வைத்தது நம் சனம். அங்கே நின்றதற்காக, நீங்கள் பார்த்தது செல்லாது என்றது அவர்கள் சட்டம். இவர்கள் தள்ளின இடத்தைக் காட்டி அவர்கள் தள்ளினார்கள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்ததுகூட இல்லை. இதில் மட்டும் எப்படி அத்தை அவ்வளவு ஒற்றுமை?

அதற்குப் பிறகு உங்களுக்குக் காய்ச்சல் கண்டது. படுத்த இடத்திலிருந்தே பெரியத்தானைக் கூப்பிட்டுச் சொன்னீர்கள். "நீ பந்தல்ல தானே நின்ன? நீ போய்ச் சொல்லுலே. இவ போய்ச் சேரட்டும்." உங்கள் மூத்த மகன், "சரிம்மா, போறேன்" என்றார். நான் கால்மாட்டில் இருந்தேன். என் காதால் கேட்டேன். என் காதும் செல்லாதோ என்னவோ.

நீங்கள் போன பிறகு, காரியமெல்லாம் முடிந்து, அவரோடு கச்சேரிக்குப் போனேன். எங்கள் அப்பாவும் வந்திருந்தார். அதே குமஸ்தன். அதே கேள்வி. பெரியத்தான் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றார்.

"கல்யாணத்துக்குப் போயிருந்தேன். ஆனா முகூர்த்த நேரத்துல நான் பந்தியக் கவனிச்சிட்டு இருந்தேன். தாலி கெட்டினத நான் பாக்கல."

எங்கள் அப்பா, "மாப்பிள்ளே!" என்று ஒரு சத்தம் போட்டார். அவ்வளவுதான் அவரால் முடிந்தது. முகூர்த்தம் முடியாமல் எந்த ஊரிலாவது பந்தி போடுவார்களா? குமஸ்தனுக்கே தெரியும் அது பொய்யென்று. பேனாவைக் கீழே வைத்துவிட்டான்.

அப்பா பஸ் ஏறப் போய்விட்டார். சாலையில் அரிசி மூட்டை இறக்குகிற வண்டிகளுக்கு நடுவே பெரியத்தான் முன்னால் நடக்க, நான் பின்னால் நடந்தேன். அதுவரை நான் அவர் முகத்தைப் பார்த்துப் பேசினதில்லை. அன்றைக்குப் பேசினேன்.

"அத்தைகிட்ட சரின்னு சொன்னீங்களே?"

அவர் நின்றார். "அம்மா இப்பம் இல்ல. நான் சொல்லுதேன், கேளு. நீ இங்க இருந்தாத்தான் அவன் என்னைக்காவது வருவான். நீயும் போய்ட்டா அவன் இந்தத் திசைக்கே திரும்ப மாட்டான். கடைக்கு நான் ஒத்த ஆளு. புரியுதா?"

"அப்பம் நான் என்ன, கயிறா?"

"அப்படித்தான் வச்சிக்கோயேன்," என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டார்.

அவருடைய பயம் எனக்குப் புரியாமல் இல்லை. தம்பியைச் சின்ன வயதில் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்தவர். அந்தத் தம்பி இனி வரமாட்டார் என்ற எண்ணம் அவரை அரிக்கிறது. எல்லாம் புரிகிறது. புரிந்தால் கோபம் அடங்கிவிட வேண்டும் என்று யார் சொன்னது? மாட்டைத் திரும்பி வரவைக்கக் கன்றைக் கட்டிப் போடுவார்கள். என்னைக் கட்டிப் போடச் செத்துப் போன தாய்க்குக் கொடுத்த வாக்கை அவிழ்த்திருக்கிறாரே!

வீட்டுக்கு வந்து அடுக்களையில் உட்கார்ந்து அழுதேன். பகவதி அக்கா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். உங்கள் மூத்த மருமகளைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? இத்தனை வருஷத்தில் பெரியத்தானுக்கு எதிராக ஒரு வார்த்தை பேசி நாம் கேட்டதில்லை. "இவளுக்கு வாயி உண்டா இல்லியா?" என்று நீங்களே கேட்டிருக்கிறீர்கள். நடந்ததை நான் சொல்லச் சொல்ல, அவள் துருவுவதை நிறுத்தவில்லை. முடிந்ததும் தலையைத் தூக்கினாள்.

"உனக்கு நாத்தனார் முடிச்சு யாரு போட்டா?"

நான் அழுகையை நிறுத்திவிட்டேன். உங்களுக்குப் பெண்பிள்ளை இல்லை. மாப்பிள்ளை ஒரு முடிச்சுப் போட்ட பிறகு மற்ற முடிச்சுகளைப் போட நாத்தனார் இல்லாததால், அண்ணன் பெண்டாட்டி போடட்டும் என்று பெரியவர்கள் சொன்னார்கள். என் பின்னால் நின்று அந்த முடிச்சுகளைப் போட்டது அக்கா.

"நாளைக்குப் போவோம். நான் சொல்லுதேன்."

"பெரியத்தான்கிட்ட கேக்காண்டாமா அக்கா?"

"அவரு பந்தியக் கவனிக்கட்டும்," என்றாள்.

மறுநாள் இருவரும் நடந்தே போனோம். கச்சேரியில் எல்லோரும் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். ஆண் துணை இல்லாமல் இரண்டு பெண்கள். குமஸ்தன் என்னைப் பார்த்ததும் பெருமூச்சு விட்டான். அக்காவைப் பார்த்து, "இதினு பர்த்தாவு சம்மதிச்சோ?" என்று கேட்டான்.

"நான் பாத்தத சொல்லுகதுக்கு அவரு எதுக்கு சம்மதிக்கணும்?" என்றாள் அக்கா. அந்தக் குரல் எங்கே இருந்து வந்தது அத்தை? நான் கேட்டதே இல்லை.

அவன் எழுத ஆரம்பித்தான். அக்கா சொன்னாள். மஞ்சள் கயிறு ஈரமாக இருந்தது. முதலில் போட்ட முடிச்சு வழுக்கிவிட்டது. மறுபடி போட்டபோது என் தலைமயிர் சிக்கிக்கொண்டு நான் "ஆ" என்று முனகினேன். மாப்பிள்ளை திரும்பிப் பார்த்தார். மேளக்காரர்கள் மட்டும் நிறுத்தாமல் அடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கே மறந்துபோயிருந்தது இதெல்லாம். குமஸ்தன் எழுதுவதை நிறுத்தி, கையைத் தாடையில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் வாசலில் நிழல் விழுந்தது. யாரோ கடையில் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். பெரியத்தான் மூச்சிரைக்க நின்றுகொண்டிருந்தார். குமஸ்தன் அவரைப் பார்த்தான். அக்காவைப் பார்த்தான். பிறகு காகிதத்தில் மீதமிருந்த கேள்வியைக் கேட்டான்.

"பர்த்தாவின்டெ பேரு?"

உங்கள் காலத்திலும் சரி, எங்கள் காலத்திலும் சரி, நம் வீட்டில் எந்தப் பெண் அந்தப் பெயரைச் சொல்லியிருக்கிறாள்? நான் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினாள். வாசலைப் பார்த்துத் திரும்பி, அவர் முகத்துக்கு நேராக, தெளிவாகச் சொன்னாள்.

"ஆவுடையப்பன்."

யாரோ கன்னத்தில் அறைந்தது போலப் பெரியத்தான் பின்வாங்கினார். பிறகு இறங்கிப் போய்விட்டார். அக்கா கையெழுத்துப் போட்டாள். அந்தக் காகிதத்துக்கு யாரும் ஒரு குறையும் சொல்லவில்லை.

அதிலிருந்து பெரியத்தான் அக்காவோடு பேசுவதில்லை. சாப்பாட்டைக் கடைக்கு வரவழைத்துக்கொள்கிறார். சொந்தக்காரர்கள் வந்து, "புருஷன் பேரைக் கச்சேரியில ஏலம் போட்டாளாமே," என்று அவளைத்தான் கண்டிக்கிறார்கள். பொய் சொன்ன மனுஷனை ஒருத்தர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டு அக்கா என்னிடம், "பேசாட்டா போறாரு. வீட்ல கொஞ்சம் காத்து வருது," என்கிறாள். ஆனால் சாயங்காலம் அவர் வருகிற நேரத்துக்கு வாசல் பக்கம் போய்ப் பார்க்கவும் செய்கிறாள். அதையும் நான் பார்க்கிறேன்.

அவளை இப்படி விட்டுவிட்டுப் போகிறேனே, இது சரியா அத்தை? கேட்டால் அவள் அடிக்க வருகிறாள். "நீ போகாம இருக்கதுக்கா நான் அங்க போய் நின்னேன்?" என்கிறாள். உங்களிடம் கேட்டாலும் இதைத்தான் சொல்வீர்களோ? நீங்கள் இருந்திருந்தால் பெரியத்தானை என்ன செய்திருப்பீர்கள்? பினாங்கில் அந்தப் பதிலை எழுதின துரை, என்றைக்காவது தன் தாயாரை ஒரு ஜன்னலுக்குப் பின்னால் நிறுத்தி வைத்திருப்பானா? எனக்கு யாரும் பதில் சொல்லப் போவதில்லை.

ஒன்று மட்டும் உங்களுக்கு வாக்குக் கொடுக்கிறேன். அங்கே போய்ச் சேர்ந்ததும் கடிதம் போடுவேன். இந்த வீட்டுக்கு வருகிற கடிதமெல்லாம் இதுவரை ஆண்கள் பெயருக்குத்தான் வந்திருக்கிறது. நமக்கு எழுதினதைக்கூட அவர்கள் உடைத்துப் படித்த பிறகுதான் நாம் படித்திருக்கிறோம். நான் போடுகிற கடிதத்தின் மேல், ஸ்ரீமதி பகவதி அம்மாள் என்று அவள் பெயர் மட்டும் இருக்கும். தபால்காரர் கடைத்தெருவைத் தாண்டி, நம் வாசலில் நின்று, அந்தப் பெயரை உரக்கக் கூப்பிட வேண்டும். மாதம் தவறாமல் கூப்பிட வேண்டும். பெரியத்தான் காதிலும் அது விழட்டும்.

கடல் தாண்டினாலும் உங்கள் வீட்டுப் பெண்ணாகவே இருக்கும்,
உங்கள் சின்ன மருமகள்,
கோமதி