இரும்புப் பாலத்தின் நடுவில் ஒரு வண்டி

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதித்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். எழுதிவிட்டேன். இனி உண்மையைச் சொல்கிறேன்.

நலமாக இருக்கிறேன், தேட வேண்டாம் என்று என் வீட்டுக்காரருக்கு, உன் செல்ல மாமாவுக்கு, ஓர் அஞ்சலட்டை போட்டாயே, அதன் ஓரத்தில் முகவரியையும் எழுதியிருந்தாய். தேட வேண்டாம் என்கிறவன் எதற்கு முகவரி எழுதுகிறான்? சின்ன வயதில் ஒளிந்து விளையாடும்போதும் சட்டை நுனி வெளியே தெரிகிற மாதிரிதான் ஒளிவாய். போனைத்தான் எடுக்க மாட்டேன் என்கிறாய், கடிதத்தையாவது பிரிப்பாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

அப்பா போனதிலிருந்து அம்மா எங்களோடுதான் இருக்கிறாள். கடைக்குப் பின்னால் உள்ள அறையைக் கொடுத்திருக்கிறோம். சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், கேட்டதற்குப் பதில் சொல்கிறாள். கேட்காததற்கு எதுவும் சொல்வதில்லை. ஊரையே வாயால் கட்டி ஆண்டவள் இப்படி இருப்பது எனக்குப் பயமாக இருக்கிறது. கடையில் மோட்டார் ரிப்பேர் குவிந்து கிடக்கிறது. மோட்டார் சுருளுக்குப் பூசுகிற வார்னிஷ் உன் மாமா கையில் காய நேரமில்லை. போன் அடித்தால் மட்டும் அந்தக் கையோடு ஓடிப்போய் எடுக்கிறார். யார் என்று பார்த்துவிட்டு முகம் தொங்கிப்போய்த் திரும்புகிறார்.

ஆளுக்கொரு வேடம் எடுத்து, பகடை உருட்டிக் கதை சொல்லி ஆடுகிற நம் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் நிற்கவில்லை. அதே ஒர்க்‌ஷாப் மேசை, அதே ஆட்கள். பல் டாக்டரம்மா ஆட்டத்தில் இன்னும் திருடிதான். பூட்டையும் பல்லையும் பிடுங்குவதில் தனக்கு வித்தியாசம் இல்லை என்கிறாள். தபால்காரர் குதிரை வீரன். வாரம் முழுக்கச் சைக்கிள் மிதிக்கிறவர், ஞாயிற்றுக்கிழமையாவது குதிரையில் போகட்டும். உன் மாமா இயந்திரக் கொல்லன். கதையை நடத்துவது வழக்கம் போல் நான். உன் மந்திரவாதி மட்டும் பேசாமல் கிடக்கிறான். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். அசட்டுக் காரணம் என்று சிரிக்காதே. சிரித்தாலும் பரவாயில்லை, நீ சிரித்து நாளாயிற்று.

பள்ளிக்கூட நாளில் நாம் இந்த ஆட்டத்தின் உலகத்தை உருவாக்கியபோது போட்ட சண்டை நினைவிருக்கிறதா? கோட்டைக்கு நீராவி பம்ப் வேண்டும், மணிக்கூண்டு வேண்டும், பாலத்தைத் தூக்கப் பல்சக்கரம் வேண்டும் என்றேன் நான். ராஜா காலத்தில் ஏது பம்ப், எல்லாம் மந்திரம்தான் என்றாய் நீ. தட்டு பறந்தது. அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு வந்து, "ரெண்டும் இருக்கட்டும். எது எங்க செல்லும்னு எல்லை போட்டுக்குங்க, அவ்வளவுதானே" என்றார். அன்று நீ போட்ட எல்லைதான் இன்றுவரை சட்டம். இரும்பு பேசுகிற இடத்தில் மந்திரம் வாய் மூடும். கொல்லன் உலைக்குப் பக்கத்தில் எந்த மந்திரமும் பலிக்காது. அதனால்தானே நம் ஆட்டத்தில் மந்திரவாதிக்கும் கொல்லனுக்கும் எப்போதும் ஏழாம் பொருத்தம். அப்படிச் சட்டம் போட்டவன் வளர்ந்து, ஆஸ்பத்திரியில் மூச்சு மெஷின்களைப் பராமரிக்கிற வேலைக்குப் போனான் பார், அதுதான் வேடிக்கை.

விஷயத்துக்கு வருகிறேன். ஊரை விட்டுப் போகிற அன்று, என் ஆளைத் தூங்க வைத்துவிடுங்கள் என்று மாமாவுக்குச் செய்தி அனுப்பினாய். அந்த வாரம் உன் மந்திரவாதியை வண்டியில் படுக்க வைத்தோம். வெறும் தூக்கம் என்று சொல்லியிருந்தால் ஒரு தொல்லையும் இல்லை. உன் மாமா பெரிய கெட்டிக்காரர், வெறும் தூக்கம் என்றால் தினம் எழுப்பிச் சாப்பாடு கொடுக்க வேண்டும், மூட்டையில் உணவு குறைவு, அதனால் மந்திரத் தூக்கம் என்றே வைத்துக்கொள்வோம் என்றார். நானும் தலையாட்டித் தொலைத்தேன். மந்திரத் தூக்கத்தில் கிடப்பவனுக்கு மூச்சையும் அந்த மந்திரம்தான் பார்த்துக்கொள்கிறது. இப்போது வழியில் ஆறு குறுக்கிடுகிறது. ஆற்றின் மேல் இரும்புப் பாலம். அக்கரையில் கோட்டை, முற்றுகையில் சிக்கிய ஜனங்கள், நம்மை எதிர்பார்த்து. பாலத்தில் வண்டி ஏறினால் மந்திரம் போகும். மந்திரம் போனால் மூச்சு போகும். பகடையில் ஆறு என்ற எண் விழுந்தால்தான் உன் ஆள் பிழைப்பான். உயிர்ப் பகடையை அந்த ஆளுக்கு உரியவரே உருட்ட வேண்டும் என்பதும் உன் சட்டம்தான். மேசையில் சொன்னதை மாற்றக் கூடாது என்பதும் உன் சட்டம்தான். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஆற்றில் வெள்ளம் வரவழைத்தேன். வெள்ளம் வடிந்ததும் சுங்கக்காரனை நிறுத்தி வழியை மறித்தேன். பிறகு தபால்காரரின் குதிரைக்கு வயிற்று வலி. போன வாரம் மூடுபனி. பல் டாக்டரம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. "உங்க தம்பி வராம நாங்க ஆத்தைத் தாண்டக் கூடாது, அதானே? நேரா சொல்லுங்களேன்" என்றாள். எனக்கு மூக்கு நுனியில் கோபம், கண்ணில் தண்ணீர், இரண்டும் ஒன்றாக வந்தது. தபால்காரர் சமாதானம் செய்தார். அவர் மச்சினிக்கு ஆட்டத்தில் சேர ஆசையாம். மேசையில் உன் மந்திரவாதியாக நாம் வைக்கிற பொத்தானை அவளுக்குக் கொடுத்துவிட்டால் அவள் உருட்டிவிடுவாள், நாமும் நகரலாம் என்றார். வருகிற ஞாயிற்றுக்கிழமை முடிவு சொல்ல வேண்டும்.

அவர்கள் மேல் தப்பில்லை, தம்பி. ஆனால் அப்பாவின் கோட்டிலிருந்து நீ பிய்த்த அந்தக் கறுப்புப் பொத்தானை இன்னொருத்தி கையில் எப்படி வைப்பேன்? வைத்தால் நீ வரப்போவதில்லை என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அம்மா சொன்னது எனக்கும் காதில் விழுந்தது. உயிரைக் காக்கும் என்று அவள் ஆற்றிலிருந்து எடுத்து வந்து அப்பாவின் தலையணைக்கடியில் வைத்த கூழாங்கல்லை நீ எடுத்து அவளிடமே கொடுத்தாய். அப்பாவுக்கு மாட்டியிருந்த மூச்சு மெஷின் பக்கத்தில் இதெல்லாம் கூடாது என்றாய். மறுநாள் அப்பா போய்விட்டார். "கல்லை எடுத்தே, உசுரும் போச்சு. உன் மெஷின் என்னத்தைக் கிழிச்சுது?" என்று அத்தனை பேர் முன்னால் கேட்டுவிட்டாள். நீ உள்ளே போய் மெஷினைத் துடைத்தாய், அடுத்த நோயாளிக்கு வேண்டுமே. அப்பா கண் மூடின உடனே மெஷினைத் துடைக்கிறான் பார் என்று அதற்கும் அம்மா பேசினாள். துடைத்த இடத்தையே நீ திரும்பத் திரும்பத் துடைத்ததைக் கதவோரம் நின்றிருந்த நான் பார்த்தேன். அப்போதே உள்ளே வந்திருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு வரி எழுது. மந்திரவாதியைப் பற்றி மட்டும் எழுதினாலும் போதும்.

உன் அக்கா


அன்புள்ள தம்பிக்கு,

வரி எதுவும் வரவில்லை. தபால்காரரையே மேசையில் உட்கார வைத்துக்கொண்டு தபால் வரவில்லை என்று புலம்புவது எங்கள் வீட்டில்தான் நடக்கும். தினமும் வாசலில் சைக்கிளை நிறுத்தி, வாயால் சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார்.

கோபித்துக்கொண்டு இரண்டாவது கடிதம் எழுதக் கூடாது என்றிருந்தேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை நடந்ததை உனக்குச் சொல்லாமல் இருந்தால் என் தலை வெடித்துவிடும்.

மத்தியானம் எல்லோரும் வந்தாயிற்று. மச்சினியும் வந்திருந்தாள். நல்ல பெண், கையில் பிஸ்கட் பாக்கெட்டோடு கூச்சமாக ஓரத்தில் உட்கார்ந்தாள். நான் பொத்தானை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டு, முடியாது என்றேன். சரி, கொடுக்க மனசில்லையென்றால் வண்டியை இக்கரையில் விட்டுவிடுவோம் என்றார் தபால்காரர். பல் டாக்டரம்மா குரல் உனக்குத் தெரியுமே, பல் பிடுங்கும்போது நோயாளியின் அலறலுக்கு மேல் பேசிப் பழகிய குரல். "அதான் சரி, அவனை ஆத்தங்கரையிலேயே விட்டுட்டுப் போயிடலாம்" என்றாள்.

பின்னறைக் கதவு திறந்தது. அம்மா. கையில் பட்டாணி உரிக்கிற கிண்ணம். "யாரை விட்டுட்டுப் போறீங்க?" என்றாள்.

இத்தனை வருஷத்தில் ஒரு நாளாவது அந்த மேசைப் பக்கம் வந்திருக்கிறாளா? வளர்ந்த பிள்ளைகள் பொம்மை விளையாடுகிறார்கள் என்று தலையில் அடித்துக்கொள்வாள், அவ்வளவுதான். உன் மாமாதான் எல்லாவற்றையும் சொன்னார். வண்டி, தூக்கம், பாலம், மூச்சு. அது யாருடைய ஆள் என்பதை மட்டும் சொல்லவில்லை. நான் கையைத் திறந்தேன். அப்பாவின் கோட்டுப் பொத்தானை அம்மாவுக்குத் தெரியாதா? நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

பட்டாணிக் கிண்ணத்தை மேசையில் வைத்தாள். பிறகு, "இரும்பு மேல மந்திரம் செல்லாது, சரி. மனுஷி கை செல்லுமா, செல்லாதா?" என்று கேட்டாள். நீயும் நானும் எத்தனையோ சட்டம் போட்டோம், இதற்கு ஒன்றும் போடவில்லை. செல்லும் என்றேன். அப்படியானால் நான் வண்டியில் ஏறி அவன் கையைப் பிடித்துக்கொண்டு வருகிறேன் என்றாள். இப்படியாக அம்மா ஆட்டத்தில் சேர்ந்தாள்.

ஆறு விழுந்தால்தான் பிழைப்பான் என்பதை அவள் ஒப்புக்கொள்ளவில்லை. சந்தையில் பேரம் பேசுகிற மாதிரி பிடித்துக்கொண்டாள். அப்போது உன் மாமா, கொல்லன் சும்மா இருப்பானா, உலைத் துருத்தியை வண்டியில் ஏற்றிக் காலால் மிதித்து அவன் மூச்சை நான் ஓட்டுகிறேன், மந்திரம் விட்ட இடத்திலிருந்து இரும்பு பார்த்துக்கொள்ளட்டும் என்றார். சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அம்மா நிமிர்ந்தாள். "துருத்தின்னா காத்து ஊதுறதுதானே? ஆஸ்பத்திரியில இருந்த மெஷினும் அதைத்தான் செஞ்சுதா?" என்று கேட்டாள். ஆமாம் அத்தை, அதேதான், கொஞ்சம் கணக்காக ஊதும் என்றார் மாமா. "அப்போ அத்தனை நாளும் அவன் அப்பாவுக்கு மூச்சு ஊதிக்கிட்டுதான் இருந்தானா?" என்றாள். மாமா ஆமாம் என்றார். பல் டாக்டரம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மச்சினிப் பெண் பாவம், ஒன்றும் புரியாமல் பிஸ்கட்டை எல்லோர் பக்கமும் நகர்த்தி வைத்தாள்.

அம்மா எழுந்து அறைக்குள் போனாள். கதவைச் சாத்திக்கொள்ளப் போகிறாள் என்று நினைத்தேன். திரும்பி வந்தாள். அந்தக் கூழாங்கல்லை முந்தானையில் துடைத்து, உன் பொத்தானுக்கு ஒரு பக்கம் வைத்தாள். மாமாவின் ஆளாக நாம் வைக்கிற இரும்பு நட்டை எடுத்து மறு பக்கம் வைத்தாள். "ரெண்டும் இருக்கட்டும்" என்றாள். அப்பா சொன்னது அவளுக்கும் நினைவிருந்திருக்கிறது.

எனக்கு அதற்கு மேல் கதை நடத்த முடியவில்லை. துருத்திக்காக ஆறை நாலாக்கினேன், கைக்காக அதை இரண்டாக்கினேன். அதாவது இரண்டோ அதற்கு மேலோ விழுந்தால் பிழைப்பான், ஒன்று விழாமல் இருந்தால் போதும் என்றேன். அந்த ஒண்ணு மட்டும் எதுக்கு என்று அம்மா கேட்டாள். அம்மா, இது ஆட்டம், கொஞ்சமாவது பயம் இருக்க வேண்டாமா என்றேன். "பயம் எங்கிட்ட வேணுங்கற அளவு இருக்கு, நீ தனியா தர வேண்டாம்" என்றாள். சரி, மந்திரவாதியைப் பெற்றவளே உருட்டட்டும் என்று பல் டாக்டரம்மா பகடையை நீட்டினாள். அம்மா வாங்கிக்கொண்டாள். உருட்டவில்லை. உரியவன்தான் உருட்டணும்னு அவன்தானே சட்டம் போட்டான், அவன் வரட்டும் என்று முந்தானையில் முடிந்துகொண்டாள். வேறு பகடை வாங்கிக்கொள்ளலாம் என்று தபால்காரர் மெல்ல ஆரம்பித்தார். அம்மா பார்த்த பார்வையில் அவர் குதிரைக்கு மறுபடியும் வயிற்று வலி வந்திருக்கும்.

மச்சினிப் பெண்ணுக்குப் பாலத்துக் காவலாளி வேடம் கொடுத்துவிட்டோம். விளக்குப் பிடிக்கிறாள்.

இதை எழுதும்போது அம்மா இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்தாள். நான் சொன்னதாக ஒன்றும் எழுதாதே என்றாள். பிறகு, அங்கே குளிரா என்று கேள், போர்வை இருக்கிறதா என்று கேள் என்றாள். கேட்டுவிட்டேன். இந்தக் கடிதத்தைப் பெட்டியில் போட வேண்டாம், என் கையிலேயே கொடுங்கள் என்று தபால்காரர் வாசலில் நிற்கிறார்.

வண்டி பாலத்தின் நடுவில் நிற்கிறது, தம்பி. ஒரு பக்கம் அம்மா உன் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள், மறு பக்கம் மாமா மூச்சு விடாமல் துருத்தியை மிதித்துக்கொண்டிருக்கிறார். மந்திரமோ இரும்போ, எது உன்னைக் காக்குமோ அது காக்கட்டும். சீக்கிரம் வந்து உருட்டு. உன் மாமாவுக்கு முட்டி வலி இருப்பது உனக்குத் தெரியும்.

நீ வருகிறவரை பாலத்திலேயே நிற்கிற,
அக்கா