லான்ஜோவில் வெர்னா டீச்சர்

லான்ஜோ
5 செப்டம்பர் 1993

அன்புள்ள ஒரெஸ்ட்,

நலமாக வந்து சேர்ந்தேன். பெய்ஜிங்கிலிருந்து ரயிலில் ஒன்றரை நாள். எதிர் இருக்கை அம்மாள் வழி முழுக்க எனக்குச் சூரியகாந்தி விதையைப் பல்லால் உடைத்துத் தின்னக் கற்றுக்கொடுத்தாள். நாக்கு இன்னும் எரிகிறது.

கல்லூரி வளாகத்திலேயே வீடு. இரண்டு அறை. வெந்நீர் மாலையில் இரண்டு மணி நேரம் வரும். ஜன்னலைத் திறந்தால் மஞ்சள் ஆறு. பனி உருகும்போது நம் கொட்டகை ஓரத்தில் ஓடும் தண்ணீரின் அதே நிறம்தான்.

இருபத்தேழு வருடம் பத்து வயதுப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவள் நான். இங்கே ஒரே அறையில் ஐம்பத்திரண்டு பெரிய பிள்ளைகள், எல்லோரும் நாளைய ஆங்கில ஆசிரியர்கள். ஒரு பெண் தனக்கு ஜூலை என்று ஆங்கிலப் பெயர் வைத்துக்கொண்டிருக்கிறாள். எழுந்து நின்று முதல் கேள்வியாகவே, "டீச்சர், உங்க வீட்டுக்காரர் ஏன் வரல?" என்று கேட்டாள். கோதுமை அறுப்பு நேரம் என்றேன். "அறுப்பு முடிஞ்சா வருவாரா?" என்றாள். புத்தகத்தைத் திறக்கச் சொல்லிவிட்டேன்.

நீ சாப்பிடுகிறாயா? எழுது. உனக்கு எழுதும் பழக்கமில்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் எழுது.

அன்புடன்,
வெர்னா

லான்ஜோ
3 அக்டோபர் 1993

அன்புள்ள ஒரெஸ்ட்,

உன்னிடமிருந்து ஒரு வரிகூட இல்லை. தபால் அறைக்குத் தினமும் போகிறேன். அங்கிருப்பவர் என்னைப் பார்த்ததுமே தூரத்திலிருந்து கையை விரித்துக் காட்டிவிடுகிறார். படியேறும் சிரமம் மிச்சம்.

என் பக்கத்து மேசை மா டீச்சர் எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டிருக்கிறாள். நேற்று கேட்டேவிட்டாள்.

"லெட்டர் வரலையா?"

"வரல."

"எங்க வீட்டுக்காரர் பக்கத்து ரூம்லயே உக்காந்திருக்கார். அவரும்தான் வாயத் திறக்கறதில்ல. உனக்கென்னம்மா, தபால்காரர் மேல பழியைப் போட்டுக்கலாம்!"

ஒரெஸ்ட், நான் சிரித்த சிரிப்பில் மேசையிலிருந்த தேநீர் கொட்டிவிட்டது. இப்படிச் சிரித்து எவ்வளவு நாளாயிற்று என்று அப்புறம் யோசித்தேன். கணக்குப் பிடிபடவில்லை.

காலையில் இந்த ஊரே மாட்டிறைச்சிக் குழம்பில் நூடுல்ஸ் சாப்பிடுகிறது. ஹான் என்பவரின் கடைக்குப் போகிறேன். ஒரு பிடி மாவை இழுத்து, மடித்து, மறுபடி இழுத்து, ஏழெட்டுத் தடவையில் தலைமுடி மாதிரி ஆக்கிவிடுகிறார். நீ பார்க்க வேண்டும்.

அன்புடன்,
வெர்னா

சஸ்காட்செவன், கனடா
20 அக்டோபர் 1993

வெர்னா,

இரண்டு கடிதமும் வந்தன. அறுப்பு முடிந்தது. விளைச்சல் பரவாயில்லை. நாய் நன்றாக இருக்கிறது. சாப்பிடுகிறேன்.

அந்த ஆள் என்ன மாவு வைத்து இழுக்கிறார்? சாதாரண மாவு அப்படி நீளாது. அறுந்துவிடும்.

ஒரெஸ்ட்

லான்ஜோ
10 நவம்பர் 1993

அன்புள்ள ஒரெஸ்ட்,

உன் கடிதத்தை மா டீச்சருக்கு வாசித்துக் காட்டினேன். "நாய் நல்லா இருக்குன்னு எழுதினாரே, அதுக்கே சந்தோஷப்படு" என்கிறாள்.

மொழிபெயர்க்க அவளையே கூட்டிக்கொண்டு ஹான் கடைக்குப் போய் உன் கேள்வியைக் கேட்டேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். "கோதுமை போடறவரா? அதான் கேட்கத் தெரிஞ்சிருக்கு! சும்மா தின்னுட்டுப் போறவன் எவன் கேட்டான் இதை?" என்று கடையில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். ஏதோ ஒரு செடியைச் சுட்ட சாம்பலைக் கரைத்து மாவில் சேர்க்கிறார்களாம். அதனால்தான் மாவு அறுபடாமல் நீள்கிறது. ஆனால் அது பாதிதானாம். மீதி, மாவை ஊறப்போட்டுவிட்டுப் பொறுமையாக இருப்பதாம். "உங்க வீட்டுக்காரர் பொறுமைசாலியா?" என்று கேட்டார். மிகவும் என்றேன்.

வகுப்பு எனக்குப் பிடித்திருக்கிறது. நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தை மூடியபோது என்னையும் சேர்த்து மூடிவிட்டார்கள் என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை.

குளிருக்குப் போடும் கோட்டை எடுத்துவிட்டாயா? மாடி அலமாரியில் இருக்கிறது.

அன்புடன்,
வெர்னா

சஸ்காட்செவன்
12 டிசம்பர் 1993

அன்புள்ள வெர்னா,

நான் நூடுல்ஸ் இழுத்துப் பார்த்தேன். சாம்பலுக்குப் பதில் சமையல் சோடா. நம் கோதுமையை நானே அரைத்தேன். முதல் தடவை அறுந்தது. ஆறாவது தடவை ஒரு முழ நீளம் வந்தது. அந்த நேரம் பார்த்துப் பக்கத்துப் பண்ணை மெல் கதவைத் தட்டாமல் உள்ளே வந்துவிட்டான். "வெர்னா போனதுல உனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சா?" என்றான். அப்புறம் உட்கார்ந்து இரண்டு கிண்ணம் தின்றான்.

அவன் போன பிறகு வீட்டில் சத்தமே இல்லை. ரேடியோவைப் போடப் போனேன். போடவில்லை.

ஒன்று எழுத வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் தானிய விலை கேட்க ரேடியோ போடுவேனே, முதலில் நீ அதற்கு மேல் சத்தமாகப் பேசுவாய். பிறகு ஒரு காலத்தில் நிறுத்திவிட்டாய். ஏழெட்டு வருடம் இருக்கும். நீ நிறுத்தியது எனக்குத் தெரிந்தது. ஏன் என்று கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வாயோ என்று பயமாக இருந்தது. இப்போது நீ எட்ட முடியாத தூரத்தில் இருக்கிறாய், அதனால் கேட்கிறேன். ஏன்?

ஒரெஸ்ட்

லான்ஜோ
16 ஜனவரி 1994

அன்புள்ள ஒரெஸ்ட்,

உன் கடிதத்தைப் பத்து நாள் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். இவ்வளவு நீளமாக நீ என்னிடம் பேசியதுகூட இல்லை.

சொல்கிறேன். எண்பத்தைந்தில் ரெஜைனா நகரத்தில் தலைமை ஆசிரியை வேலைக்கு என்னைக் கூப்பிட்டார்கள், நினைவிருக்கிறதா? அடுக்களையில் நின்று உன்னிடம் சொன்னேன். நீ தலையைத் தூக்காமல், "உன் இஷ்டம்" என்றாய். போ என்று சொல்லியிருந்தால் போயிருப்பேன். போகாதே, நீ இல்லாமல் முடியாது என்று சொல்லியிருந்தால் சந்தோஷமாக இருந்திருப்பேன். இரண்டும் இல்லை. நான் இருந்தாலும் போனாலும் உனக்கு ஒன்றுதான் என்று எடுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு ரேடியோவோடு போட்டி போட மனம் வரவில்லை. இங்கே வருகிறேன் என்று சொன்னபோதும் அதே இரண்டு வார்த்தைதான் சொன்னாய். அன்றைக்கே விண்ணப்பத்தைத் தபாலில் போட்டுவிட்டேன்.

குற்றம் சொல்ல எழுதவில்லை. கேட்டாய், சொன்னேன். சொல்லி முடித்ததும் பசி வந்துவிட்டது.

இன்னொன்று. துறைத் தலைவர் அடுத்த வருடமும் இருக்கச் சொல்கிறார். ஜூன் முடிவுக்குள் பதில் வேண்டுமாம். நீ என்ன சொல்கிறாய்? தயவுசெய்து என் இஷ்டம் என்று மட்டும் எழுதாதே.

அன்புடன்,
வெர்னா

சஸ்காட்செவன்
8 பிப்ரவரி 1994

அன்புள்ள வெர்னா,

இது நான்காவது தாள். முதல் மூன்றையும் அடுப்பில் போட்டேன்.

எண்பத்தைந்தில் நான் தலையைத் தூக்காததற்குக் காரணம், தூக்கியிருந்தால் போகாதே என்று கெஞ்சியிருப்பேன். என் அம்மா ஆசைப்பட்ட ஒன்றுக்கு என் அப்பா ஒரு தடவை முடியாது என்று சொன்னார், அவள் ஆயுசு முழுக்க அதைச் சுமந்தாள். நான் அப்படி ஆகக்கூடாது என்று நினைத்தேன். குறுக்கே நிற்காமல் இருப்பதுதான் மரியாதை என்று நினைத்தேன். உனக்கு அது எப்படிக் கேட்கும் என்று யோசிக்கத் தெரியவில்லை.

நீ கேட்டதற்குப் பதில். எனக்கு நீ வேண்டும். இந்த வீட்டில் நீ இல்லாதது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் உன் கடிதத்தில் இருக்கிற வெர்னாவை எனக்குப் பிடித்திருக்கிறது. அவளை இங்கே கூப்பிட்டால் மறுபடி வாயை மூடிக்கொள்வாளோ என்று பயம்.

அதனால் விதைப்பு முடிந்ததும் நான் அங்கே வருகிறேன். பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டாயிற்று. போட்டோவில் திருடன் மாதிரி இருக்கிறேன்.

உன்,
ஒரெஸ்ட்

லான்ஜோ
6 மார்ச் 1994

அன்பு ஒரெஸ்ட்,

வா.

ஜூலையிடம் சொன்னேன். வகுப்பே மேசையைத் தட்டியது. மா டீச்சர், "வாய் பேசுவாரா, இல்ல எழுதித்தான் காட்டுவாரா?" என்று கேட்கிறாள். பார்க்கலாம் என்றேன்.

எனக்கு ஒன்றும் கொண்டுவர வேண்டாம். கனமான காலுறை மட்டும் இரண்டு ஜோடி.

உன்,
வெர்னா

லான்ஜோ, உன் மேசை
22 ஜூன் 1994, புதன் காலை

அன்பு வெர்னா,

நீ வகுப்புக்குப் போய்விட்டாய். ஒன்பது நாளாக ஒரே வீட்டில் இருக்கிறோம், ஒரே பாத்திரத்தில் சாப்பிடுகிறோம், இதை வாயால் சொல்ல வரவில்லை. எழுதினால் வருகிறது. கோபித்துக்கொள்ளாதே.

திங்கட்கிழமை உன் வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். ஒரு பையன் ஒரு வார்த்தையைத் தப்பாகச் சொல்லி எல்லோரும் சிரித்தபோது, நீ அவன் பக்கத்தில் போய் நின்று, அவனோடு சேர்ந்து அதே வார்த்தையை நாலு தடவை சொன்னாயே, முப்பத்தொரு வருடக் கல்யாணத்தில் நீ பாடம் எடுத்து நான் பார்த்ததே இல்லை. பள்ளிக்கூடம் நம் வீட்டிலிருந்து இரண்டு மைல்தான் இருந்தது. ஒரு நாள் வந்து எட்டிப் பார்த்திருக்கலாம்.

துறைத் தலைவருக்கு இந்த வாரம் பதில் சொல்ல வேண்டும் என்றாய். இந்தத் தடவை என் இஷ்டத்தைச் சொல்கிறேன். இருக்கிறேன் என்று சொல். இரண்டு பேராக. கிளம்புவதற்கு முன்பே இந்த வருட அறுப்பை மெல்லிடம் ஒப்படைத்து, அடுத்த வருட விதைப்புக்கு நிலத்தையும் அவனுக்கே குத்தகைக்கு விட்டுவிட்டேன். நாய் இப்போதே அவன் வீட்டில்தான் படுக்கிறது. உன் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்றிருந்தேன். பார்த்துவிட்டேன்.

எனக்கு இங்கே என்ன வேலை என்று கேட்பாய். தெரியாது. கண்டுபிடிப்பேன்.

இப்போது கதவைத் தட்டி ஒருவர் வந்திருக்கிறார். சமையலறைக் குழாய் ஒழுகுவதைச் சரிசெய்ய வந்தவர் போலிருக்கிறது. சைகையிலேயே குழாயைக் காட்டினேன். ஒரு நிமிடத்தில் முடித்துவிட்டார். தேநீர் கொடுத்தேன். உட்கார்ந்து பேசிக்கொண்டே இருக்கிறார். எனக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை என்பது அவருக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. நான் எழுத எழுத, அவர் தன் மனைவியைப் பற்றித்தான் சொல்கிறார் என்று நினைக்கிறேன். கையை இடுப்பில் வைத்துக் காட்டுகிறார், பிறகு சிரிக்கிறார்.

இவர் பேசுவதைக் கேட்கக் கேட்க எனக்கும் பேச வேண்டும் போலிருக்கிறது. வகுப்பு முடிந்ததும் எங்கும் நிற்காமல் நேராக வீட்டுக்கு வா.

உன்,
ஒரெஸ்ட்