வாக்காளர் எண் கேட்கும் படிவம்

செவ்வாய் இரவு

சரசு அக்காவுக்கு இன்றும் ஆதரவுக் கடிதம் கிடைக்கவில்லை. கிள்ளானில் சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையத்துக்கு அவரோடு நானும் போயிருந்தேன்; அங்கே வேலை செய்யும் குமார் மாலை ஐந்து மணிக்கு அதை உறுதிப்படுத்தினார்.

அக்கா பிறந்தது ரவாங்கில், ஒரு தோட்டத்தில். பிறப்புப் பத்திரம் இல்லாததால் அறுபது வயதிலும் குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாள அட்டைதான்; ஓட்டும் கிடையாது. குடியுரிமை நேர்காணலுக்கு அந்தக் கடிதத்தோடு போக நினைக்கிறார். ஆனால் கடிதத்துக்கான படிவத்தில் முதல் கட்டமே வாக்காளர் எண்.

“நம்பர் போடாம சிஸ்டம் அடுத்த பக்கம் போகாது லா, அக்கா,” என்றார் குமார்.

“ஓட்டு இருந்தா நான் ஏன்ப்பா இங்க வரேன்? எலெக்‌ஷனப்போ மூணு வாரம் உங்களுக்கெல்லாம் நாசி லெமாக் சோறு கட்டிக் கொடுத்தேனே, அப்ப நம்பர் கேட்டியா?”

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். குமாரும் சிரித்தார். எனக்கு எரிச்சல்தான் வந்தது. வெறும் தாளில் எழுதிக் கொடுத்தால் என்ன என்று கேட்டேன்.

“அதுக்கு பாஸ் ஓகே சொல்லணும், அண்ணே.”

அக்கா என் பக்கம் திரும்பினார். “தம்பி, உங்க நம்பரப் போட்டுக்கலாமா?”

கேலியாகத்தான் கேட்டார் என்று நினைத்தேன். ஆனால் பதிலுக்குக் காத்திருந்தார். எனக்கு ஓட்டு இந்தத் தொகுதியில் இல்லை, சுபாங் ஜெயாவில் என்று சொன்னேன். என்ன பதில் அது!

பாஸ் வெளியூரில் இருக்கிறார். வியாழன் காலை பத்து மணிக்கு வந்ததும் கேட்டுச் சொல்வதாகக் குமார் சொல்லியிருக்கிறார். அக்காவின் நேர்காணலும் அதே வியாழன், அதே பத்து மணிக்கு, புத்ராஜெயாவில்.