குழுவிலிருந்து நீக்கப்பட்டவர்

சேவூர்
4 ஜூன் 2025

அன்புள்ள வேணுகோபால் தம்பிக்கு,

நலம். கற்பகத்தின் முழங்கால் வலி குறைந்ததா? குழுவில் எழுதுவதைப் படமெடுத்து வெளியே அனுப்புகிறார்கள் என்றீர்கள். போன் பேச்சையும் பதிவு செய்வார்கள் என்கிறான் உங்கள் மகன் ஹேமநாத். அதனால் தாளில் எழுதுகிறேன்.

பன்றி விரட்டத் துப்பாக்கி வைத்திருக்கும் விவசாயி, உரிமம் புதுப்பிக்க மாதக்கணக்கில் அலையக் கூடாது என்றுதான் நீங்களும் என் வீட்டுக்காரரும் இந்த வாட்ஸ்அப் குழுவைத் தொடங்கினீர்கள். இப்போது அதில் யார் போலி என்பதைத் தவிர வேறு பேச்சே இல்லை.

நேற்று தறிக்காரர் திருமலையை நீக்கிவிட்டீர்கள். அவர் கேட்டது ஒரே கேள்வி: "உரிமம் வர்ற வரைக்கும் எங்க அண்ணன் துப்பாக்கிய எடுத்துகினு கொல்லைக்குப் பன்னி வெரட்டப் போலாங்களா?" கூடாது என்று நான் பதில் எழுதுவதற்குள், "போலீஸ் ஆளு, வலை விரிக்கிறான்" என்று ஹேமநாத் போட்டான். உடனே நீக்கினீர்கள். விவரம் தெரியாதவர் அப்படித்தான் கேட்பார். உளவாளி இதைவிடத் தேர்ந்த கேள்வி கேட்பான்.

அன்புடன்,
அண்ணி ரேணுகாதேவி


ஆரணி
8 ஜூன் 2025

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

வணக்கம். கற்பகம் இப்போது மாடிப்படி ஏறுகிறாள். உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

உங்கள் கோபம் புரிகிறது. எங்கள் புது அரிசி மில் திறப்பு விழாவில் ஹேமநாத் வானத்தைப் பார்த்துச் சுட்ட வீடியோவை நம் குழுவில் மட்டும்தான் போட்டான். ஒரே வாரத்தில் அது போலீசுக்குப் போய்விட்டது. உரிமத்தை ஏன் ரத்து செய்யக் கூடாது என்று கலெக்டர் ஆபீசிலிருந்து நோட்டீஸ் வந்திருக்கிறது. உள்ளே இருக்கும் யாரோதான் அனுப்பியிருக்க வேண்டும். அந்தச் சமயத்தில் புதிதாகச் சேர்ந்தவர் திருமலை. நான் வேறு யாரை நினைப்பேன்?

இனி எல்லோரும் துப்பாக்கியையும் உரிமத்தையும் படமெடுத்துக் குழுவில் போட வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறோம். நீங்களும் போட்டுவிடுங்கள். உங்களைப் பற்றியும் சிலர் கேட்கிறார்கள். நான்தான் சமாளித்து வைத்திருக்கிறேன்.

தங்கள்,
வேணுகோபால்


சேவூர்
11 ஜூன் 2025

அன்புள்ள தம்பிக்கு,

படம் போட மாட்டேன். யார் வீட்டில் என்ன துப்பாக்கி இருக்கிறது என்று விலாசத்தோடு ஒரே இடத்தில் திரட்டித் தந்தால் திருடனுக்குத்தான் வசதி. என் வீட்டுக்காரர் காலமானபின் இந்தத் துப்பாக்கியை என் பெயருக்கு மாற்ற என்னோடு ஆபீஸ் ஆபீசாக அலைந்தவர் நீங்கள். என்னிடம் சான்று கேட்க உங்களுக்குக் கூச்சமாக இல்லையா?

முந்தாநாள் ஹேமநாத் திருமலை வீட்டு வாசலில் பைக்கை நிறுத்தி, "இன்னாய்யா, எவ்ளோ வாங்கினு எங்கள மாட்டிவுட்ட?" என்று தெருவே கேட்கக் கத்தியிருக்கிறான். திருமலை தறியிலிருந்து எழுந்து வந்து கைகூப்பி நின்றாராம். "அவருக்கு ஒரு போட்டோ அனுப்பணும்னாலே பக்கத்து வீட்டுப் பொண்ணதான் கூப்புடணும்மா. அவரப் போயி உளவாளின்றாங்க" என்று என்னிடம் வந்து அழுதாள் அவர் மனைவி. இரண்டு நாளாகத் தறி ஓடவில்லை.

அந்த வீடியோவை நீங்கள் முழுதாகப் பார்த்தீர்களா? சுடும்போது அவன் இடுப்பருகே ஒரு பெண் குழந்தை காதைப் பொத்திக்கொண்டு நிற்கிறது. எடுத்துவிடு என்று அன்றே எழுதினேன். "ஆயா, ஜாலிக்குப் போட்டது, பேஜார் பண்ணாதீங்க" என்றான். என்னைப் பெரியம்மா என்று கூப்பிட்டு வளர்ந்தவன். மற்றவர்கள் சிரித்தார்கள்.

அண்ணி


ஆரணி
15 ஜூன் 2025

அண்ணிக்கு,

வீடியோவை முழுதாகப் பார்த்தேன். அந்தக் குழந்தை என் பேத்தி.

திருமலை வீட்டுக்குப் போனது தப்பு என்று ஹேமநாத்தைக் கண்டித்தேன். "அப்போ அந்த ஆயாதான் மாட்டிவுட்டுது. நீயே போய் கேளு நைனா" என்கிறான். அடிக்கக் கை ஓங்கினேன். ஆனாலும் அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை.

உங்களிடம் இதுவரை எதையும் இப்படிக் கேட்டதில்லை. வீடியோவை அனுப்பியது நீங்களா? இல்லை என்று ஒரு வரி எழுதுங்கள், போதும். குழுவில் அதைப் படித்துக் காட்டி எல்லோர் வாயையும் அடைக்கிறேன்.

வேணுகோபால்


சேவூர்
17 ஜூன் 2025

அன்புள்ள தம்பிக்கு,

நான்தான் அனுப்பினேன். ஸ்டேஷனுக்கு நேரில் போய், பெயரும் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். அந்தக் குழந்தை உங்கள் பேத்தி என்பதும் தெரிந்துதான் கொடுத்தேன்.

நான் படித்த கான்வென்டில், தப்பு செய்தவள் எழுந்து நிற்கும் வரை மணி அடித்தாலும் யாரையும் வெளியே விட மாட்டார்கள். யாரும் என்னை நேராகக் கேட்கவில்லை என்ற சாக்கில் நான் உட்கார்ந்தே இருந்துவிட்டேன். எனக்கு வர வேண்டிய ஏச்சைத் திருமலை தெருவில் வாங்கிக்கொண்டார். அவர் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன்.

துப்பாக்கி வைத்துக்கொள்ள நமக்கு உரிமை உண்டு என்று எந்தக் கலெக்டர் முன்னாலும் வாதாடுவேன். அப்படி வாதாடுகிறவள் அந்த வீடியோவைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்திருந்தால், குழுவில் நான்தான் போலி.

இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வரும் நாளில் இதையே குழுவிலும் எழுதுகிறேன். பிறகு என்னை நீக்குவீர்கள். இனி உங்கள் வீட்டு விசேஷங்களுக்கும் அழைக்க மாட்டீர்கள் என்று தெரியும். கற்பகத்திடம் மட்டும் நீங்களே சொல்லிவிடுங்கள். பிறர் வாயால் அவள் கேட்க வேண்டாம்.

முதலில் திருமலையைச் சேருங்கள். அவர் பெயர் மறுபடி குழுவில் வந்ததை நான் கண்ணால் பார்க்க வேண்டும். அதன் பிறகு என்னை நீக்குங்கள்.

ரேணுகாதேவி