ஒரே ரைஃபிளுக்கு இரண்டு பேர்

ஜூன் 8
கிளப்பில் இருப்பது ஒரே ஏர் ரைஃபிள். ஜூலை 20 தேர்வில் ஜெயிப்பவள்தான் மாநிலப் போட்டிக்குப் போக முடியும். நானா, சத்யப்ரியாவா? கோச் சிலம்பரசன் இதைச் சொன்னதுமே அவள், நாங்கள் மாற்றி மாற்றிப் போடும் ஷூட்டிங் ஜாக்கெட்டை விரல் நுனியில் தூக்கிப் பிடித்தாள். எல்லார் எதிரிலும் கேட்டாள்: "ஏன் மலரு, உப்பு வாடை அடிக்குதே, குளிச்சிட்டு வர மாட்டியா?"
விடிகாலையில் அம்மாவோடு அளத்தில் உப்பு வாரிவிட்டு நேராகப் பஸ் ஏறுகிறவள் நான். அவளுக்கென்ன தெரியும்?

ஜூன் 16
மணல் நிரப்பிய பைப்பை ரைஃபிள் மாதிரி தோளில் வைத்து நாற்பது நிமிடம் நின்றேன். இடுப்பு விட்டுப்போனது. அவளை நினைத்துக்கொண்டு இன்னும் பத்து நிமிடம்.

ஜூன் 27
ரைஃபிளில் என் உயரத்துக்கு வைத்த அளவுகளை அவள் தினமும் கலைத்து வைக்கிறாள். கேட்டால், "நீயே மாத்திக்கோ." இன்று அவளுடையதை நானும் கலைத்தேன். வேண்டுமென்றேதான். அசிங்கம் — இருக்கட்டும்.

ஜூலை 4
சுடும்போது பின்னால் நின்று முணுமுணுக்கிறாள். "இப்ப ஏழுதான் விழும், பாரு." விழுந்தது. "வாய மூடுடி!" என்று கத்திவிட்டேன். கோச் இருவரையும் வெளியே அனுப்பினார்.

ஜூலை 12
மறுபடியும் நின்றாள். நான் திரும்பவில்லை. மூச்சைப் பாதி விட்டு நிறுத்தினேன். நீ சொல்றது நடக்காதுடி. பத்து. பத்து. பத்து.

ஜூலை 20
நான் 611.3 புள்ளி. அவள் 611.1. அவள் கை கொடுக்கவில்லை; நானும் நீட்டவில்லை. "நாசமாப் போ" என்றாள் காதருகில். சந்தோஷமாக இருந்தது. மறைப்பானேன்?

ஜூலை 30
அவள் கிளப்பையே விட்டுவிட்டாள். ரைஃபிள் முழுக்க எனக்குத்தான். 603.

ஆகஸ்ட் 6
597. தூக்கம் சரி, சாப்பாடு சரி, மூச்சு சரி. ஷூட்டிங் ரேஞ்சில் ஒரு சத்தமில்லை. மனசு எங்கெங்கோ போகிறது. ஏன் என்று தெரியும். எழுதப் பிடிக்கவில்லை.

ஆகஸ்ட் 9
பெரிய முதலியார்சாவடியில் அவள் வீட்டு வாசலில் நின்றேன்.
"எதுக்கு வந்த?"
"போட்டிக்கு இன்னும் பத்து நாளுதான் இருக்குது. தெனம் வந்து எனக்குப் பின்னாடி நில்லு."
"வந்தா என் வாய் சும்மா இருக்காது."
"அதுக்குத்தான் கூப்பிடறேன்."
படாரென்று கதவைச் சாத்தினாள்.

ஆகஸ்ட் 10
எனக்கு முன்பே ரேஞ்சில் இருந்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.
"இப்பவும் ஒன்னக் கண்டா புடிக்கல எனக்கு."
"எனக்கும்தான். ஆரம்பி."
609.