பதினேழாம் எண்

6-7-98, திங்கள்
காலையிலிருந்து சாரல். கடை முதலாளி அண்ணாச்சி என் மேசையில் ஒரு கட்டு வைத்தார். முதலில் பார்த்தது அதைச் சுற்றியிருந்த பச்சை நாடாவைத்தான். எங்கள் பள்ளிக்கூடத்தில் பரீட்சைத் தாள் கட்டுகிற நாடா. அந்தப் பச்சையை வேறெங்கும் பார்த்ததில்லை.

மேல்தாளில் பெயர். சாந்தா டீச்சர். ஒன்பதாவது 'பி'யில் எனக்கு வகுப்பு டீச்சர். இனி சா.டீ.

வேலை பார்த்துக்கொண்டே டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறார்களாம், கல்வியியலில். பேராசிரியர் எங்கோ தூரத்தில். ஒவ்வொரு அத்தியாயமாகத் தபாலில் போய், திருத்தித் தபாலில் வந்ததாம். இனி கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுக்க வேண்டும். அண்ணாச்சி ஜெராக்ஸ் எடுக்க வந்தவரிடம், "டாக்டராயிட்டா டீச்சரம்மா ஊசியா போடப் போறாவ?" என்று கேட்டுச் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பத்தாவது பாஸ் என்று சொல்லித்தான் இந்த வேலையில் சேர்ந்தேன். ஒன்பதிலேயே நின்றது சா.டீ.க்குத் தெரியும். இன்று அவர்கள் வந்தபோது நான் சாப்பிடப் போயிருந்தேன். சனிக்கிழமை மறுபடி வருவார்களாம்.

வேலை போனால் அம்மாவோடு உட்கார்ந்து பீடி சுற்ற வேண்டும். அம்மா இருமினால் இப்போது தெருமுனை வரை கேட்கிறது.

வாங்க: இருமல் மருந்து, குடைக்கு ஒரு கம்பி, ஊக்கு.

7-7, செவ்வாய்
பதினாறு பக்கம் முடிந்தது. கிராமத்துப் பெண்பிள்ளைகள் ஏன் பள்ளியிலிருந்து பாதியில் நிற்கிறார்கள் என்பதுதான் ஆராய்ச்சி. தலைப்பை அடிக்கும்போதே கை குளிர்ந்துவிட்டது.

கடையில் சட்டம் இரண்டு. கரண்ட் எப்போது போகும் என்று தெரியாததால், பத்து வரிக்கு ஒருதரம் சேவ் பண்ண வேண்டும். அடுத்தது, வந்தவர் எழுதியதில் ஓர் எழுத்தும் மாற்றக் கூடாது. எனக்கு முன்னால் இருந்த ராணி அக்கா, கல்யாணப் பத்திரிகை ஒன்றில் தாய்மாமன் பெயரை மேலே கொண்டுவந்தாளாம், அதுதான் முறை என்று. மறுநாளே அண்ணாச்சி அவளை வேலையை விட்டு அனுப்பிவிட்டார். வாரம் ஒருதரம் இந்தக் கதையைச் சொல்லுவார். "ஏட்டி, கண்ண வச்சு மட்டும் அடி. மூளைய வீட்ல வச்சிட்டு வா."

8-7, புதன்
பஸ் தாமதம். பாலத்தில் நல்ல காற்று.

இன்று அட்டவணை. யாருக்கும் பெயர் கிடையாது, எண்தான். படித்த வகுப்பு, ஊர், பெற்றோர் தொழில், நின்ற காரணம். காரணம் மொத்தம் ஐந்து: வறுமை, தூரம், வீட்டு வேலை, திருமணம், ஆர்வமின்மை.

எண் 17. ஒன்பதாம் வகுப்பு 'பி'. ஆற்றுக்கு அக்கரை. தகப்பனார் இல்லை. தாய் பீடி சுற்றுபவர். காரணம்: ஆர்வமின்மை.

நான்தான். 'பி'யில் அக்கரையிலிருந்து போனவள் நான் ஒருத்திதான்.

'ஒவ்வொரு மாணவியையும் வீட்டில் நேரில் கண்டு கேட்டறியப்பட்டது.' நேற்று இந்தக் கையால்தான் அடித்தேன். அம்மாவிடம் கேட்டேன், யாராவது வந்தார்களா என்று. "நம்ம வீட்டுக்கா? யாரு வருதா," என்றாள்.

நடந்தது இது. பள்ளியில் பெண்பிள்ளைகள் கழிப்பறை எப்போதும் பூட்டியிருக்கும். சாவி ஆபீசில், ஒரு சாண் மரக்கட்டையில் கோத்து. தொலைந்துவிடக் கூடாது என்று அந்தக் கட்டை. கிளார்க் சாரிடம் கேட்டு வாங்க வேண்டும். "எதுக்கு?" என்பார். எல்லாரிடமும் அப்படித்தான், தெரியாத மாதிரி. பக்கத்தில் பையன்கள் நிற்பார்கள். பிறகு கட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு மைதானம் முழுக்க நடக்க வேண்டும்.

என்னால் முடியவில்லை. காலையில் தண்ணீர் குடிக்காமல் போனேன். பிறகு மாதத்தில் நாலு நாள் போகவில்லை. பிறகு எட்டு நாள். பிறகு போகவே இல்லை. கணக்கில் எண்பத்தொன்று வாங்கியிருந்தேன். ஆர்வமில்லையாம்.

அம்மாவிடம்கூட இதைச் சொன்னதில்லை.

9-7, வியாழன்
என்ன காரியம் செய்துவிட்டேன்.

பதினேழில் 'ஆர்வமின்மை'யை எடுத்துவிட்டு, 'கழிப்பறைச் சாவி ஆபீசில் இருந்தது' என்று அடித்தேன். பார்க்கத்தான். பார்த்துவிட்டு உடனே மாற்றிவிட நினைத்தேன். கை பழக்கத்தில் சேவ் பண்ணிவிட்டது. அடுத்த நிமிஷம் கரண்ட் போயிற்று.

பன்னிரண்டு மணிக்குத்தான் வந்தது. அதற்குள் அண்ணாச்சி என்னைத் தபாலாபீசுக்கு அனுப்பியிருந்தார். திரும்பி வந்தால் பிரின்ட் எடுத்து, தானே சைக்கிளில் போய், பிழை பார்க்க டீச்சர் வீட்டில் கொடுத்துவிட்டு வந்து டீ குடித்துக்கொண்டிருக்கிறார்.

சோறு இறங்கவில்லை. தூக்குச்சட்டியை அப்படியே கொண்டுவந்துவிட்டேன். அம்மா மூடியைத் திறந்து பார்த்தாள்.

10-7, வெள்ளி
வெயில். கடை ஃபோன் ஏழு தரம் அடித்தது. ஏழு தரமும் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டேன். ஒன்றும் சா.டீ. இல்லை. ஒரு அம்மா பூத்துக்குள் நின்று, "இங்கன எல்லாரும் சொகந்தான், நீங்க அவசரப்படாம பைய வாங்க," என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

காய்ச்சல் என்று நாளைக்கு நின்றுவிடலாமா. நின்றால் அண்ணாச்சி தானே உட்கார்ந்து திருத்துவார், பார்த்துவிடுவார். போகத்தான் வேண்டும்.

11-7, சனி
மணி மூன்றேகால். கடையில் வைத்தே எழுதுகிறேன்.

பத்து மணிக்கு வந்தார்கள். நான் திரையிலிருந்து முகத்தை எடுக்கவில்லை. அண்ணாச்சி, "பிழ நெறைய இருக்கோ டீச்சர்? புதுப் பிள்ள. ஆனா பத்து பாஸு," என்றார். என் காதெல்லாம் சூடு.

சா.டீ. நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டார்கள். தாளை விரித்தார்கள். பதினேழில் சிவப்பு வட்டம். கோடு போட்டு அடித்திருக்கவில்லை, சுற்றித்தான் இருந்தது. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அக்கரப் பிள்ளதான நீ." எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

தலையை ஆட்டினேன். டீச்சர் பேனா மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார்கள். அவர்களுக்கும் பயம் என்று அப்போதுதான் தெரிந்தது. எனக்கு இன்னும் அதிகமாகிவிட்டது.

"லீவு கெடைக்கல. ரிஜிஸ்டரப் பாத்து நானா எழுதிட்டேன். உங்க வீட்டுக்கு வந்திருக்கணும்."

அண்ணாச்சி கல்லாவிலிருந்தே, பிள்ளை எதையும் மாற்றிவிட்டாளா என்று கேட்டார்.

"இல்ல அண்ணாச்சி. நாந்தான் ஒரு விவரத்த விட்டுட்டேன்." பிறகு என்னிடம், "என்ன நடந்துச்சோ அத அடி. நாலு மணிக்கு வாரேன். படிச்சிட்டுத்தான் வைக்கதா வேண்டாமான்னு சொல்லுவேன்," என்றார்கள்.

பத்து பாஸ் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நாலு மணிக்குச் சொல்லுவார்களோ என்னவோ. பச்சை நாடாவை மேசையில் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

மூன்று மணி வரை ஒரு எழுத்து அடிக்கவில்லை. கை வியர்த்தது, பாவாடையில் துடைத்தேன். பிறகு மரக்கட்டை எவ்வளவு நீளம் என்பதிலிருந்து ஆரம்பித்தேன். பத்து வரி வந்ததும் சேவ் பண்ணினேன்.